ஆய்வக அலமாரியில் தேங்கும் ஆபத்து

அமில வீச்சில் பாதிக்கப்பட்ட லட்சுமி தொடுத்த வழக்கில், 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு அமிலம் விற்கும் கடைகளோடு நிற்கவில்லை. அமிலம் வைத்திருக்கும் கல்வி நிலையங்கள் பயன்பாட்டுப் பதிவேடு பராமரிக்க வேண்டும், பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும், ஆய்வகத்திலிருந்து வெளியேறுவோரைச் சோதிக்க வேண்டும் என்றது.

அவசியமான உத்தரவு. ஆனால், எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் பதிவேடு சொல்லும். இவ்வளவு எதற்கு என்று கேட்காது. பள்ளிகளின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சில சொட்டுகள் போதுமான சோதனைக்கு அரை லிட்டர் புட்டி வாங்கப்படுகிறது. ஒதுக்கிய நிதியை அந்த ஆண்டுக்குள் செலவழித்தாக வேண்டும். மிஞ்சியதை இருப்பிலிருந்து நீக்கினால் தணிக்கையில் கேள்வி வருமோ என்ற அச்சம் வேறு. ஆசிரியர்கள் மாறிப்போகிறார்கள், பெயர்ச்சீட்டு அரித்துப்போன புட்டி மட்டும் அலமாரியிலேயே இருக்கிறது.

பழைய இருப்பு சும்மா கிடப்பதில்லை. காற்றுப்பட்ட ஈதரில் பெராக்சைடுகள் உருவாகும். ஈரம் வற்றிய பிக்ரிக் அமிலம் வெடிபொருள். ஆல்டிஹைடு, கீட்டோன்களைக் கண்டறிய உதவும் டைநைட்ரோபினைல் ஹைட்ரசீனும் அப்படித்தான். ஈரத்தோடு விற்கப்படும் அந்தத் தூள் காய்ந்தால் வெடிக்கக்கூடும். 2016இல் இதுபற்றி எச்சரிக்கை வந்த பின், பிரிட்டனில் ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குச் சென்று அதை அழிக்க வேண்டியிருந்தது. அத்தனை ஆண்டுகளாக அது வகுப்புக்கு அடுத்த அறையில்தான் இருந்தது.

பூட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். அவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது, வாங்குவதைக் குறைப்பது. உப்புப் பகுப்பாய்வைக் குழித்தட்டில் சொட்டுக் கணக்கில் செய்யலாம். மாணவர் கற்பது குறையாது, கழிவு பல மடங்கு குறையும். ஈயத்தைக் கண்டறிய ஈய உப்பும் குரோமேட்டும் சேர்ந்து தரும் மஞ்சள் வீழ்படிவு கண்ணுக்கு அழகுதான். ஒன்று குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு, மற்றொன்று புற்றுநோய் உண்டாக்குவது. இதைச் செய்முறைத் தேர்வில் வைத்திருக்க எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. கிப் உபகரணத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம்: அளவு கூடினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாமல் போகும். புகைபோக்கிப் பெட்டி இல்லாத ஆய்வகத்தில் அதை உருவாக்கவே கூடாது.

ஏற்கெனவே தேங்கியதை என்ன செய்வது? கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவு நிலையம் இருக்கிறது. தென்காசியில் உள்ள ஒரு பள்ளி கால் லிட்டர் குரோமேட் கரைசலைத் தனியாக அங்கே அனுப்ப வழியில்லை. கைக்கு எட்டுவது கழுவுதொட்டிதான். செய்முறைத் தேர்வு முடிந்ததும் ஆண்டுதோறும் பள்ளிக் கல்வித் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து மாவட்டந்தோறும் வாகனம் அனுப்ப வேண்டும். ஒப்படைத்ததற்கான ரசீதையே இருப்பு நீக்கத்துக்குரிய ஆவணமாகத் தணிக்கையாளர்கள் ஏற்க வேண்டும். அதற்கு ஓர் அரசாணை போதும்.