பாதி எழுதின நோட்டு



பரீட்சை முடிஞ்சதும் போத்தனூர் பழைய பேப்பர் கடையில நோட்டு குவிஞ்சு கிடக்குது. பாதி கூட எழுதாத நோட்டுங்க. பார்த்தா வயிறு எரியுது.

என் வகுப்பில படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பின்னைக் கழட்டினா நடுத்தாள் இரட்டையா, வெள்ளையா வரும். எட்டெட்டா அடுக்கி மடிச்சு, குத்தூசியால முதுகில ஓட்டை போட்டு, மெழுகு தடவின நூலால தைப்போம். அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை. பசை மைதாவில நானே காய்ச்சுவேன். (பைண்டிங் கடையில பூச்சி வராம இருக்க மயில்துத்தம் சேர்ப்பாங்க, அது விஷம், பசங்க கையில கொடுக்கக் கூடாது.)

வாசிக்கத் திணறின ஒரு பையனுக்குத்தான் தையல் நேரா வந்துச்சு. ஃபர்ஸ்ட் ரேங்க் பசங்க அவன் முன்னாடி வரிசையில நின்னாங்க. அன்னைக்கு அவன் முகத்தைப் பார்க்கணுமே!

1934-ல காந்தி நம்ம போத்தனூர்ல தங்கினார். 1937-ல வார்தா மாநாட்டில கைத்தொழில் வழியாப் பாடம் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். இப்போ அந்த பீரியடையும் கணக்குக்கு எடுத்துக்கறாங்க. பெரியவங்க இதையே காசு கட்டிக் கத்துக்கறாங்க. தப்பில்ல. ஆனா அந்தப் பையன் மாதிரிக் குழந்தைக்கு இது பள்ளிக்கூடத்திலயே கிடைக்கணும்.

ஞாயித்துக்கிழமை காலையில பேரன் பேத்திகளைக் கூட்டிட்டு வாங்க. ஊசி, நூல் இருக்கு. பழைய நோட்டு மட்டும் கொண்டு வாங்க.