மீளும் சீட்டும் மீளாச் சீட்டும்

கடல் கடந்து வாழும் பிள்ளைகளைக் காணக் கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் புறப்படும் பெற்றோர் பலர். அவர்கள் முன் நிற்கும் வினா ஒன்றுண்டு. பயணத்தைக் கைவிட்டால் பணம் மீளும் விமானச் சீட்டை விலை கூடக் கொடுத்து வாங்குவது தகுமா?

கணக்கிட்டுப் பார்ப்போம். மீளாச் சீட்டு 100,000 ரூபா, மீளும் சீட்டு 120,000 ரூபா என்று கொள்வோம். ஐந்து பயணங்கள் நிறைவேறினால் கூடுதலாகக் கொடுத்தது 100,000 ரூபா. ஆறாவது தடைப்பட்டால் மிஞ்சுவதும் அதே 100,000 ரூபாவே. எனவே, ஆறில் ஒன்றுக்கு மேல் தடைப்படக்கூடுமெனில் மட்டுமே கூடிய விலை தகும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் நின்ற பலாலி – சென்னை விமான சேவை 2022 டிசெம்பரிலேயே மீண்டும் தொடங்கிற்று. அவ்வாறு நிறுவனமே பயணத்தை நிறுத்தினால், மலிவான சீட்டுக்கும் பணத்தைத் திரும்பக் கேட்க இடமுண்டு என்பதே பொது வழக்கம். நாமாகக் கைவிடும்போதே கூடிய விலை பயன் தரும்.

ஆதலால், விசா கைக்கு வராதவரும் நோயாளியை வீட்டில் வைத்திருப்பவரும் கூடுதலாகக் கொடுக்கலாம். ஏனையோர்க்கு அது வீண் செலவே. வாங்குவோரும் ‘மீளும்’ என்ற சொல்லை மட்டும் நம்பலாகாது. எவ்வளவு கழிப்பர், எப்போது அறிவிக்க வேண்டும், பணமாகவே தருவரா என்பவற்றை முன்னரே படித்தறிதல் வேண்டும். அது பிள்ளைகள் உழைத்து அனுப்பிய பணமன்றோ!