நல்லம்பள்ளியில் வண்டியை நிறுத்துங்க... களி ரெடி!

சேலத்திலிருந்து பெங்களூரு போகிறவர்களுக்கு தொப்பூர் கணவாய் ஒரு பரீட்சை. லாரிகளுக்கு நடுவில் ஏறி முடித்ததும் டிரைவர் கொஞ்சம் மூச்சு விடுவார். பின் சீட்டிலிருந்து, ‘பசிக்குது’ என்று குரல் வரும். அப்போது சாலையோரம் பளிச்சென்று ஒரு பெரிய ஓட்டல் தெரியும். நெய் ரோஸ்ட், பரோட்டா, ஃப்ரைடு ரைஸ். விழுப்புரத்தில் என்ன கிடைக்குமோ, வேலூரில் என்ன கிடைக்குமோ, அதேதான் இங்கும்.

அந்த ஓட்டலைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கடந்தால் நல்லம்பள்ளி வரும். தருமபுரிக்கு சுமார் 10 கி.மீ. முன்னால், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன ஊர். தாலுகா ஆபீஸ், பஸ் நிறுத்தம், வாரச்சந்தை, டீக்கடைகள். சுற்றுலாப் பட்டியல் எதிலும் இந்தப் பெயர் இருக்காது. ஆனால், தருமபுரி மண் என்ன சாப்பிடுகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வார இறுதியில் ஒகேனக்கல் கிளம்புகிறவர்கள், இரண்டு நாளில் ஒரு வேளையை இங்கே ஒதுக்கலாம்.

களிக்கு நேரம் உண்டு

முதல் விஷயம், களி எல்லா நேரமும் கிடைக்காது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஊருக்குள் போகும் பழைய சாலையில் வந்தால், சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைகளின் வாசலில் கரும்பலகையிலோ அட்டையிலோ ‘களி’ என்று எழுதி வைத்திருப்பார்கள். மதியத்துக்கான சமாசாரம் இது. 12 மணிக்கு மேல் 2 மணிக்குள் போய்விடுவது நல்லது. தாமதமாகப் போனால், “களி இப்பதான் தீர்ந்துச்சு தம்பி, சோறு இருக்கு, போடட்டுமா?” என்பார்கள்.

பலகை இல்லாத கடையிலும் தயங்காமல், “அக்கா, களி இருக்கா?” என்று கேட்கலாம். அன்றைக்கு இல்லையென்றால், பக்கத்தில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர்களே வழி சொல்லிவிடுவார்கள்.

களி செய்வது பார்க்க எளிது, கைக்குத்தான் வேலை. கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் நொய் அரிசி போட்டுக் குழைய வேகவிடுவார்கள். மேலே ராகி மாவைக் கொட்டி, மூடி வேகவைத்து, துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டுவார்கள். வெந்ததா என்று பார்க்க, தண்ணீரில் நனைத்த விரலால் தொடுவார்கள். ஒட்டாமல் வந்தால் பதம். சூட்டோடு உருட்டி இலையில் வைத்தால், நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

சாப்பிடுவதிலும் ஒரு முறை உண்டு. களியை மெல்லக் கூடாது. கொஞ்சமாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், ‘இதுல என்ன ருசி இருக்கு’ என்று தோன்றிவிடும். முதல்முறை சாப்பிடும் குழந்தைகளுக்குச் சின்னச் சின்ன உருண்டையாகக் கொடுத்தால் பழகிவிடுவார்கள்.

கூட என்ன கேட்கலாம்?

சைவம் என்றால் கீரைக் கடைசல், கொள்ளுப் பருப்பு, அவரைக்கொட்டை போட்ட புளிக்குழம்பு. அசைவம் என்றால் நாட்டுக்கோழிக் குழம்பு, ஆட்டுக்கறிக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு. களிக்கு உப்பும் காரமும் குழம்பிலிருந்துதான் வர வேண்டும். அதனால் இந்தப் பக்கத்துக் குழம்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். காரம் ஆகாதவர்கள் கீரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலில் ஒரு பொது அம்சம் உண்டு. ராகி, கொள்ளு, அவரை, புளி, ஆடு என எல்லாமே குறைந்த தண்ணீரில் பிழைப்பவை. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில், மழையை மட்டும் நம்பி விதைத்தவர்களின் சமையல் இது. ஆடியிலும் ஆவணியிலும் ராகி விதைத்து, கார்த்திகை, மார்கழியில் கதிர் அறுப்பார்கள். ராகி பல வருடங்கள் கெடாமல் இருக்கும் தானியம் என்பதால், மழை பொய்த்த வருடத்திலும் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஒரே சாலை, இரண்டு மரியாதை

இதே நெடுஞ்சாலையின் அந்தக் கோடியில், பெங்களூரில், களிக்குப் பெயர் ‘ராகி முத்தே’. மிலிட்டரி ஓட்டல்களில் மட்டன் குழம்போடு முத்தே சாப்பிட ஐ.டி ஊழியர்கள் வரிசையில் நிற்கிறார்கள். முன்னாள் பிரதமர் தேவகவுடா முத்தே பிரியர் என்பது கர்நாடகத்தில் ஊரறிந்த சேதி.

நம் பக்கத்தில் கதை வேறு. மேட்டு நிலக் கிராமங்களில் ‘நெல்லுச்சோறு’ என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் பொங்குவது. தினமும் சோறு தின்பது வசதியின் அடையாளம். களி தின்பது இல்லாமையின் அடையாளம். ரேஷன் அரிசி வந்ததும், 2011-ல் அது இலவசமானதும், சோறு எல்லோர் வீட்டுக்கும் வந்தது. பசி தீர்ந்தது பெரிய நன்மை. ஆனால், விருந்தாளி வந்தால் களியை மறைத்துவிட்டுச் சோறு வைக்கும் கூச்சம் மட்டும் போகவில்லை. ஓட்டல்காரரும் அதே கணக்குத்தான் போடுகிறார்: ‘கார்ல வர்றவங்க களியா கேட்கப் போறாங்க?’

இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஐ.நா. சபை 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ரேஷனில் மாதம் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டத்துக்குத் தமிழக அரசு முதலில் தேர்ந்தெடுத்த இரண்டு மாவட்டங்களில் தருமபுரி ஒன்று, நீலகிரி மற்றொன்று. 2022-23 பருவத்தில் ராகிக்கான குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். 2025-26-ல் அது 4,886 ரூபாய். விதைக்கிறவருக்கு இது தெம்பு. கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆள் இருந்தால், அந்தத் தெம்பு நிலைக்கும்.

குடிக்க என்ன?

காலையில் போனால் கூழ். முந்தின நாள் களியைத் தண்ணீரில் போட்டுவைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைத்தால் வீட்டுக் கூழ். சாலையோரத் தள்ளுவண்டிகளில் ராகிக் கூழும் கம்மங்கூழும் கிடைக்கும். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு தொட்டுக்கொள்ள வரும். வெயில் காலத்தில் ஒரு சொம்பு குடித்தால் மதியம் வரை பசிக்காது.

கரும்புச்சாறு குடிக்கும்போது ஒரு பழைய சேதியை நினைத்துக்கொள்ளலாம். தருமபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுடைய முன்னோர்தான் இந்த நிலத்துக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். அதே ஔவைக்குத்தான் அதியமான் நெல்லிக்கனி கொடுத்தான். அது புறநானூற்றின் 91-ஆம் பாட்டு. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும், தெரியும்தானே?

ஆனால் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் இந்த மாவட்டத்தில் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

தண்ணீரில் கலந்த வில்லன்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பாறைகளில் ஃபுளோரைடு உண்டு. பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது அளவுக்கு மேல் கலந்துவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால், வளரும் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அளவு இன்னும் கூடினால் பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகி, குனிய முடியாமல் போகும். சிரிக்கக் கூச்சப்பட்டு வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகளை இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் பல தலைமுறைகளாகப் பார்த்திருக்கிறார்கள்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியோடு, 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். காவிரித் தண்ணீர் குழாய் வழியாக தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வருகிறது. இங்கே வீடுகளில், ‘ஒகேனக்கல் தண்ணி’ என்றும், ‘போர் தண்ணி’ என்றும் பிரித்துப் பேசுவது இதனால்தான். ஒன்று குடிக்க, மற்றது புழங்க.

இரண்டு நாள் வந்து போகிறவர்களுக்கு இதில் பயம் வேண்டாம். ஃபுளோரைடு பாதிப்பு பல வருடங்களில் சேர்வது. கடையில் உட்கார்ந்ததும், “இது ஒகேனக்கல் தண்ணிங்களா?” என்று கேட்டால் போதும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களே தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்விதான்.

இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களும், வேலைக்காக வந்து வீடு எடுப்பவர்களும் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். சாதாரண மெழுகுவர்த்தி ஃபில்டரும் உதவாது. சமைப்பதற்கும் குடிப்பதற்கும் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், இல்லாவிட்டால் ஆர்.ஓ. சுத்திகரித்த தண்ணீர். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசம் கூடாது. உணவில் கால்சியம் போதுமான அளவு இருப்பது பாதிப்பைக் குறைக்க உதவும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் இருப்பதைப்போல் பல மடங்கு.

தண்ணீர் புறப்படும் இடத்தில் மீன்

அந்தக் காவிரியை நேரில் பார்க்க, தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கி.மீ. போனால் ஒகேனக்கல். அருவி, பரிசல், எண்ணெய் மசாஜ் எல்லாம் தெரிந்த கதை. சாப்பாட்டில் ஒரு தனி வழக்கம் உண்டு. மீனை நீங்களே வாங்கி, அங்கே அடுப்பு வைத்திருக்கும் பெண்களிடம் கொடுத்தால், குழம்போ வறுவலோ செய்து தருவார்கள். கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை என்று கிடைப்பதைப் பொறுத்து.

மூன்று விஷயங்களை முதலிலேயே பேசிவிடுங்கள்: சமையல் கூலி எவ்வளவு, எண்ணெயும் மசாலாவும் அதில் சேர்த்தியா, சோறு உண்டா. பிறகு அருவிக்குக் குளிக்கப் போய்விட்டு வந்தால் குழம்பு தயாராக இருக்கும். மழைக்காலத்தில் கர்நாடகத்திலிருந்து நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். கிளம்பும் முன் அன்றைய செய்தியைப் பார்த்துவிடுவது நல்லது.

எந்த மாதம் எது?

* மார்கழி, தை: புது ராகி வந்திருக்கும். பச்சை அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிச் செய்யும் ‘பிதுக்குப் பருப்பு’ குழம்புக்கும் இதுதான் பருவம். களிக்கு இதைவிட ஜோடி இல்லை.
* மாசி, பங்குனி: புதுப் புளி. வீட்டுக்கு வருடத்துக்கான புளியை வாங்குகிறவர்கள் இந்த நேரத்தில் வரலாம்.
* சித்திரை முதல் ஆனி வரை: மாம்பழம். செந்தூரா முதலில் தலைகாட்டும், மல்கோவா பின்னால் வரும். பெங்களூரா எனப்படும் கிளிமூக்கை உப்பு, மிளகாய்த்தூளோடு காயாகவே சாப்பிடலாம்.

இரண்டு நாளைப் பிரிப்பது எப்படி?

முதல் நாள் காலை அதியமான்கோட்டை. நல்லம்பள்ளிக்கும் தருமபுரிக்கும் நடுவில் இருக்கிறது. காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்றும் கூட்டம் அலைமோதும். நிதானமாகத் தரிசிக்க விரும்புகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். மதியம் நல்லம்பள்ளியில் களி. களி சாப்பிட்டதும் கண் சொக்கும் என்பதால், வண்டி ஓட்டுகிறவர் ஒரு உருண்டையோடு நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பட்டும். இரவு தருமபுரியில் தங்கல். மறுநாள் காலையிலேயே ஒகேனக்கல், மதியம் மீன், சாயங்காலம் ஊர் திரும்பல்.

வாரச்சந்தை கூடும் நாளாக அமைந்தால் இன்னும் விசேஷம். ஆடும் கோழியும் ஒரு பக்கம், காய்கறி ஒரு பக்கம் என்று ஊரே அங்கே இருக்கும். திரும்பும்போது இரண்டு கிலோ முழு ராகி வாங்கிக்கொள்ளுங்கள். மாவாக வாங்குவதைவிட, தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைத்தால் மணம் போகாது. முதல் தடவை களி கிண்டும்போது ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்குக்குக் குறையாமல் தண்ணீர் வையுங்கள். கட்டி தட்டினால் கவலைப்படாதீர்கள். மறுநாள் மோர் விட்டுக் கரைத்தால் அது கூழ்.