தரகர் காட்டும் புது வீடு

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் புது வீடுகள் எழும்புகின்றன. வீடு தேடும் குடும்பத்தைத் தரகர் அழைத்துப் போய்க் காட்டுகிறார். வீட்டம்மாளுக்குச் சமையலறை பிடித்துவிட்டது! உடனே அட்வான்ஸ் கேட்கிறார் தரகர். நகையை விற்ற பணம் அது. கொடுக்கலாமா?

தரகர் யார் பக்கம்? விலை கூடினால் அவர் கமிஷனும் கூடும்.

2016-ல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. பெரிய திட்டங்களும், அவற்றை விற்கும் தரகர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டுமானக் குறையை 5 ஆண்டு வரை கட்டியவரே சரிசெய்து தரவேண்டும்.

ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்டுக்கு, மேற்படாவிட்டால் பதிவு தேவையில்லை. மூன்று சென்டில் கட்டி விற்கும் தனி வீடு இந்த ரகம்தான். விற்கும் தரகருக்கும் பதிவுக் கட்டாயம் இல்லை. அங்கே அவர் வாய்ப்பேச்சை நம்பிப் பயனில்லை. வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், மனை அங்கீகாரம், கட்டட அனுமதி எல்லாவற்றையும் பார்த்த பிறகே பணம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். சுவர் விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். தரகர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்!