"விழுகிற பல்லுதானே!" என்று விடலாமா?

தாம்பரம் போகிற மின்சார ரயில். சாயந்திரக் கூட்டம். ஜன்னல் ஓரம் ஒரு தாய். மடியில் 6 வயசுப் பையன். பையனின் வலது கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருக்கிறது. வாயில் கிராம்பு. கண்ணில் தண்ணீர்.

"டாக்டரிடம் காட்டவில்லையாம்மா?" என்று கேட்டோம்.

பதில் சொன்னது தாய் அல்ல, பக்கத்தில் இருந்த மாமியார்! "பால் பல்லு தம்பி. தானா விழுந்துடும். இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?"

சொன்ன பாட்டிக்கு மேல் வரிசையில் ஒரு பல்கூட இல்லை. கையில் இருந்த பன்னைப் பிய்த்து, வாயில் ஊற வைத்து விழுங்கிக் கொண்டிருந்தார். "உங்க பல்லுக்கு என்ன பாட்டி செய்தீங்க?" என்றோம். "வயசாச்சு. பல்லு போறது வழக்கந்தானே!" என்றார்.

சிறுசுக்கு விழப் போகிற பல். பெரிசுக்கு விழுந்து போன பல். இரண்டுக்கும் வைத்தியம் வேண்டாம்! நம் வீடுகளில் நடக்கிற கணக்கு இதுதான். வெட்டு, குத்து, திருட்டு என்று எழுதுகிற நமக்கு பல்லைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். டாக்டர்களைக் கேட்டுத்தான் எழுதுகிறோம். இந்தக் கணக்கு தப்பு.

பால் பல் மொத்தம் 20. முன்பல் 6, 7 வயதில் விழும். கடைவாயில் உள்ள பால் பல் அப்படி இல்லை. 10 வயது, 12 வயது வரை அது வாயில் இருந்தாக வேண்டும். பின்னால் வரப் போகிற பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதுதான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்த மாதிரி! துண்டை எடுத்தால் பக்கத்து ஆள் நகர்ந்து உட்கார்ந்து கொள்வான். அப்புறம் வருகிற பல் கோணலாகத்தான் முளைக்கும். சொத்தையில் சீழ் வைத்தால், அடியில் வளரும் புதுப் பல்லையும் அது கெடுத்துவிடலாம்.

இன்னொரு சங்கதி பல பெற்றோருக்குத் தெரியாது. 6 வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பல் வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய பல் சத்தமில்லாமல் முளைக்கும். மேலே 2, கீழே 2. இது பால் பல் அல்ல! ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். "இதுவும் விழுந்துடும்" என்று சும்மா இருந்து, மூன்றாம் வகுப்பு போவதற்குள் சொத்தையாக்கிப் பிடுங்கிவிடுகிறார்கள். பிடுங்கினால் போச்சு. மறுபடி முளைக்காது.

கன்னம் வீங்கினால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் "பல்வலி மாத்திரை" வாங்கி நாலு நாள் ஓட்டாதீர்கள். வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கழுத்துக்கு இறங்கினால் மூச்சே அடைக்கும். ராத்திரி 2 மணி ஆனாலும் சரி.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருவோம். வயசானால் பல் விழும் என்பது விதி அல்ல. ஈறு கெட்டால் விழும். சர்க்கரை வியாதி உள்ளவருக்கு ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. ஒன்றை ஒன்று தூக்கிவிடும் கூட்டாளிகள்! சில மாத்திரைகளால் வாய் உலரும். எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாகப் பிடிக்கும். பல் போன பெரியவர் சுண்டலை விடுவார், கீரைத்தண்டை விடுவார். கடைசியில் கஞ்சிதான். "சாப்பாடே இறங்கலே" என்று வீட்டில் புலம்புவார்கள். வாயைத் திறந்து பார்ப்பவர் யார்?

பல் செட் போட்டவர்கள் ராத்திரி அதைக் கழற்றி, சுத்தம் செய்து, தண்ணீரில் போட வேண்டும். போட்டபடியே தூங்கினால் அண்ணத்தில் காளான் கிருமி பிடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல் பிடுங்குமுன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். தாங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

மலிவாகச் செய்கிறார்களே என்று போலி ஆட்களிடம் போய் மாட்டிக் கொள்கிறவர்களும் உண்டு. ஆடுகிற பல்லைக் கம்பியால் கட்டி, மேலே பூசி அனுப்பிவிடுவார்கள். உள்ளே அழுகும். பதிவு இல்லாமல் பல் வைத்தியம் செய்வது சட்டப்படி குற்றம்.

பதிவு மட்டும் போதுமா? சுத்தமும் வேண்டும். 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போய் வந்தவர்களுக்கு மூளையில் கிருமி தாக்கி 8 பேர் இறந்தார்கள். 2025-ல் வந்த ஆராய்ச்சிக் கட்டுரை காரணத்தை எழுதியது. சுத்தம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, பஞ்சால் மூடி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எல்லா டாக்டரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. "கருவி சுத்தம் செய்ததா டாக்டர்?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல்பொடி கொடுத்தார்கள். அப்போது சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கிற விஷயமா அது? 2022-ல் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்தது. 2023-ல் பல் பரிசோதனைக்கு "புன்னகை" திட்டம் வந்தது. இரண்டையும் சேர்த்தால் என்ன? சிற்றுண்டி முடிந்ததும் 5 நிமிஷம். ஆளுக்கு ஒரு பிரஷ். பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட். டீச்சர் முன்னால் பல் துலக்கட்டும். பரிசோதனை ஒன்றாம் வகுப்பிலேயே நடக்கட்டும். கடைவாய்ப்பல் முளைக்கிற வயசு அதுதானே! பெரியவர்களுக்கு மாநகராட்சியின் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு பல் நாற்காலி, தனி வரிசை. கால் கடுக்க நிற்க முடியாமல்தான் பாதிப்பேர் போவதே இல்லை.

ரயில் சைதாப்பேட்டையை நெருங்கியது. பையனுக்குக் காய்ச்சல் இல்லை. "விடிந்ததும் முதல் வேலையாகப் போங்க. கோட்டை ஸ்டேஷன் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953-லிருந்து இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு" என்று டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தோம். "ராத்திரியே காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீங்க, ஜி.எச்.சுக்குப் போயிடுங்க" என்றும் சொன்னோம்.

அந்தத் தாய் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தார். மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எங்க அத்தைக்கும் அங்கேயே பல்லு கட்டுவாங்களா சார்?"

கட்டுவார்கள். சாப்பிடுகிற மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போகச் சொன்னோம்.