டோக்கியோவில் ஒரு தட்டுச் சோறு

அயலூருக்குப் பிரயாணம் போகிறவர்களுக்கு மூன்று வேலைகள் உண்டு: பார்ப்பது, வாங்குவது, சாப்பிடுவது. பார்த்ததைப் பற்றிக் கடிதம் எழுதுவார்கள்; வாங்கியதைப் பெட்டியில் திணிப்பார்கள்; சாப்பிட்டதைப் பற்றி வீடு திரும்பிய பிறகும் ஓயாமல் பேசுவார்கள். டோக்கியோ நகரில் இம்மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட உத்தேசித்தோம். ரயில் வண்டிகள் குறித்த நிமிஷத்தில் வந்து சேரும் ஊரில் அது பெரிய சாகஸமன்று.

காலையில் அஸாகுஸாவிலுள்ள ஸென்ஸோஜி ஆலயத்துக்குச் சென்றோம். கி.பி. 628-ம் ஆண்டில் சுமிதா நதியில் வலை வீசிய சகோதரர் இருவருக்குச் சிறு விக்கிரகம் ஒன்று அகப்பட்டதென்றும், அதுவே இங்கே மூலவர் என்றும் ஸ்தல புராணம் கூறுகிறது. ஜப்பானியர் கன்னோன் என்று வணங்கும் அந்தத் தெய்வம் நமக்கு அந்நியமன்று. நம் நாட்டிலிருந்து சீனா வழியாகச் சென்ற அவலோகிதேசுவரர்தாம். வாசலில் ஏறக்குறைய 4 மீட்டர் உயரமுள்ள சிவப்பு விளக்கு ஒன்று தொங்குகிறது. அதைக் கடந்தால் 250 மீட்டர் நீளமுள்ள கடைவீதி. விசிறி, சீப்பு, பொம்மை, சுடச்சுட வாட்டிய அரிசிப் பணியாரம் எல்லாம் இரு மருங்கிலும் விற்கிறார்கள். நம் சந்நிதித் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு வழி கேட்கும் அவசியமே இராது.

ஆனால் கோயிலைப் பார்த்து, "எவ்வளவு புராதனமானது!" என்று வியப்பதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும். 1649-ல் கட்டிய பிரதான மண்டபம் 1923-ம் ஆண்டுப் பெரும் பூகம்பத்துக்குத் தப்பியது. 1945 மார்ச் 10-ந் தேதி அமெரிக்க விமானங்கள் பொழிந்த நெருப்புக்குத் தப்பவில்லை. அந்த ஓர் இரவில் நகரில் சுமார் 1 லட்சம் பேர் மாண்டார்கள். இன்று நிற்பது 1958-ல் மீண்டும் எழுப்பிய கான்கிரீட் மண்டபம்.

அஸாகுஸாவிலிருந்து பூமிக்கடியில் ஓடும் கின்ஸா ரயிலில் ஏறினோம். இதன் முதல் பகுதி, அஸாகுஸாவுக்கும் உவேனோவுக்கும் இடையே, 1927 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதே பாதையில் மித்ஸுகோஷி என்னும் பெருங்கடையின் பெயரையே தாங்கிய நிலையம் ஒன்று உண்டு. அங்கே இறங்கினால் கடைக்குள்ளேயே நுழைந்துவிடலாம்.

இந்தக் கடையின் பூர்வீகம் 1673-ல் தொடங்கிய எச்சிகோயா என்னும் ஜவுளிக் கடை. அக்காலத்தில் வியாபாரிகள் துணி மூட்டையுடன் பெரிய வீடுகளுக்குச் சென்று கடனுக்கு விற்பார்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். எச்சிகோயாக்காரர் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார். கடைக்கு வருகிறவர் யாராயினும் ரொக்கத்துக்கு ஒரே விலை; வேண்டிய அளவு வெட்டித் தரப்படும். பேரம் பேசத் தெரியாதவன் ஏமாறுவான் என்ற நியதி அன்றோடு அங்கே ஒழிந்தது. பாஷை தெரியாத நாமும் சீட்டில் எழுதியிருந்த விலையைக் கொடுத்துக் கைக்குட்டைகள் வாங்கினோம். நம்முடன் வந்த ஸ்திரீகளுக்கு மட்டும், பேரம் பேசாமல் வாங்கியது வாங்கியதாகவே தோன்றவில்லை!

பிறகு போஜனம். சைவ உணவுக்காரர்கள் இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காய்கறி மாத்திரமே கண்ணுக்குத் தெரியும் குழம்பிலும் உலர்ந்த மீன் சீவல்களைக் கொதிக்கவைத்த சாறு பெரும்பாலும் கலந்திருக்கும். பௌத்த மடங்களின் முறைப்படி சமைக்கும் 'ஷோஜின்' உணவே அவர்களுக்கு நம்பகமானது. மற்றவர்கள் ஷின்ஜுகு பகுதிக்குச் சென்று நகாமுராயா என்னும் கடையில் இந்தியக் கறியும் சோறும் கேட்கலாம். எலும்போடு கூடிய கோழிக் கறி அது. இத்தனை தூரம் வந்து இந்தியக் கறியா என்று நேயர்கள் நகைக்கக் கூடும். காரணம் இருக்கிறது.

1912-ல் டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு மீது குண்டு வீசிய சதியில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ், 1915-ல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். பிரிட்டனும் ஜப்பானும் 1902 முதல் நேச நாடுகள். பிரிட்டிஷார் வற்புறுத்தவே, அவரை வெளியேறும்படி ஜப்பானிய அரசாங்கம் உத்தரவிட்டது. அப்போது நகாமுராயா ஒரு ரொட்டிக் கடை. அதை நடத்திய சோமா ஐஸோவும் அவர் மனைவி கொக்கோவும் கடைக்குப் பின்னாலிருந்த ஓவியக் கூடத்தில் அவரை மாதக்கணக்கில் ஒளித்து வைத்தார்கள். 1918-ல் அவர்கள் மகள் தோஷிகோ அவரை மணந்தார். 1925-ல் இளவயதிலேயே காலமானார். 1927-ல் அந்தக் கடை போஜனசாலை திறந்தபோது, கோதுமை மாவு கரைத்த ஆங்கிலேயர் பாணிக் குழம்புக்குப் பதிலாக, போஸ் காட்டிய முறையில் கறி சமைத்துப் பரிமாறியது. அந்தக் கறிதான் இன்றும் அங்கே முக்கிய பதார்த்தம்.

இந்தக் கதையைக் கேட்டு உள்ளம் நெகிழ்வது இயல்பு. ஆயினும் இன்னொரு கணக்கையும் மறைக்கலாகாது. 1943 ஜூலையில் ராஷ் பிஹாரி போஸ் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸிடம் தலைமையை ஒப்படைத்தார். மலாயாத் தமிழர் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். அதே ஆண்டில், அதே மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஜப்பானிய ராணுவம் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் ஸயாம்-பர்மா ரயில் பாதையில் பசியாலும் காலராவாலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் அவர்களுக்குப் புகலிடம் தருவார் இல்லை.

ஆகையால் ஷின்ஜுகுவில் செலுத்த வேண்டிய நன்றியை எந்த அரசாங்கத்தின் பெயரிலும் வரவு வைக்க நமக்கு மனம் இல்லை. ஓர் அரசாங்கம் வெளியே போ என்றது. ஒரு ரொட்டிக் கடைக்காரரும் அவர் மனைவியும் உள்ளே வா என்றார்கள். பிடிபட்டிருந்தால் கடையும் குடும்பமும் என்னவாகியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. டோக்கியோ போகும் நேயர்கள் கோயிலைக் கும்பிடட்டும், கைக்குட்டை வாங்கட்டும். ஷின்ஜுகுவில் இலையிட்டு அல்ல, தட்டில் வரும் அந்தச் சோற்றை உண்ணும்போது அந்தத் தம்பதியின் பெயரைக் குழந்தைகளுக்குச் சொல்லி வைக்கட்டும். ஜப்பானில் பரிமாறுகிறவர்களுக்கு இனாம் கொடுக்கும் வழக்கம் இல்லை. அந்தக் கடனைத் தீர்க்க வேறு வழி நமக்குத் தெரியவில்லை.