கோலார் சுரங்கத்தில் பிடிபட்ட நியூட்ரினோ: 60 ஆண்டுகளில் இந்தியா நழுவவிட்ட ஆழம்

கோலார் தங்க வயல்: சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், தரைக்கு அடியில் 700 மீட்டர் ஆழத்தில் நிறுவப்பட்டுள்ள ஜூனோ நியூட்ரினோ ஆய்வகம் 2025 ஆகஸ்டு 26-ஆம் தேதி தரவுகளைத் திரட்டத் தொடங்கியது. நவம்பர் மாதத்தில் அதன் முதல் முடிவுகள் வெளியாகின. 59 நாள் தரவுகளைக் கொண்டே, நியூட்ரினோக்கள் வகை மாறும் விதத்தைக் குறிக்கும் இரண்டு அளவுகளை முந்தைய ஆய்வுகள் அனைத்தையும்விடத் துல்லியமாகக் கணித்திருப்பதாக அக்குழு அறிவித்தது.

ஜூனோவின் முதன்மை நோக்கம் வேறொன்று. நியூட்ரினோக்களுக்குரிய மூன்று நிறைகளில் எது பெரியது, எது சிறியது என்ற வரிசையைக் கண்டறிவதே அது. இதே கேள்விக்கு விடை காண்பதற்காகத்தான் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை அமைக்க மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. பத்தாண்டுகள் கடந்தும் அங்குச் சுரங்கப்பாதை குடையப்படவில்லை.

இந்தத் துறையில் இந்தியா பின்னால் வந்து சேர்ந்த நாடு அன்று. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டதாக உலகில் முதன்முதலில் வெளியான ஆய்வுக் கட்டுரை, கர்நாடகத்தின் கோலார் தங்க வயலில் நடந்த சோதனையைப் பற்றியது. அக்கட்டுரை 'பிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் 1965 ஆகஸ்டு 15-ஆம் தேதி வெளிவந்தது. அதற்கு இப்போது 60 ஆண்டுகள் நிறைந்துள்ளன.

பாறையே கூரையாக

மண்ணுக்குள் ஏன் இறங்க வேண்டும் என்பது எளிதில் விளங்கக்கூடியதே. தரைமட்டத்தில் விரித்து வைத்த உள்ளங்கையின் வழியே நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் துகள் பாய்ந்து செல்கிறது. இந்த மழைக்கு நடுவே, எதனோடும் அரிதாகவே மோதும் நியூட்ரினோவின் சுவட்டைப் பிரித்தறிய இயலாது. பாறை மியூவான்களைத் தடுத்துவிடும்; நியூட்ரினோவைத் தடுக்காது. ஆகவே ஆழம் கூடக் கூட இரைச்சல் குறைகிறது. கோலார் பாறை வழக்கமான பாறைகளைவிட அடர்த்தி மிக்கது. நீரைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அங்கு 2.3 கிலோமீட்டர் ஆழம் என்பது சுமார் 7,000 மீட்டர் நீருக்கு அடியில் இருப்பதற்கு ஒப்பாகும்.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் இயற்பியலாளர்கள் 1950-களின் தொடக்கத்திலேயே கோலார் சுரங்கத்தில் மியூவான்களை அளக்கத் தொடங்கிவிட்டனர். பின்னாளில் அந்நிலையத்தின் இயக்குநராக உயர்ந்த பி.வி. ஸ்ரீகண்டன் அவர்களுள் ஒருவர். 1960-களின் தொடக்கத்தில் மேலும் ஆழத்தில் அளவீடுகள் நடந்தன. 2,760 மீட்டர் ஆழத்தில் சுமார் இரண்டு மாதங்கள் கருவியை இயக்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. வேறொரு சோதனையாயின் இது தோல்வி எனக் கருதப்பட்டிருக்கும். இங்கோ, மியூவான் எட்டாத இடம் ஒன்று கிடைத்துவிட்டது என்பதே அதன் பொருள்.

எம்.ஜி.கே. மேனன் முன்னின்று நடத்திய திட்டத்தில் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் இணைந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், துகள் பட்டதும் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளும் நியான் வாயுக் குழாய்களும் சுவர்போல நிமிர்த்தி அடுக்கப்பட்டன. அவ்வாறு நிமிர்த்தியதில்தான் சோதனையின் நுட்பம் இருந்தது. மேலிருந்து வரும் மியூவான் ஒன்றிரண்டு தப்பி இறங்கக்கூடும். பக்கவாட்டில் வருவதானால் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாறையைக் கடந்தாக வேண்டும். அது நடவாத காரியம். எனவே கிடைமட்டமாகப் பதிவாகும் தடம், அருகிலுள்ள பாறையில் மோதிய நியூட்ரினோவால் உண்டானதாகவே இருக்க முடியும். 1965-இல் அத்தகைய தடங்கள் கிடைத்தன.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடெரிக் ரெய்னஸ் தலைமையிலான குழுவும் அதே வேட்டையில் இருந்தது. அக்குழுவின் கருவி முதல் தடத்தை 1965 பிப்ரவரியிலேயே பதிவு செய்துவிட்டது. ஆனால் அதன் கட்டுரை கோலார் குழுவின் கட்டுரைக்கு இரண்டு வாரம் பிந்தி அச்சேறியது. பதிவில் முந்தியவர் அவர். பதிப்பில் முந்தியது கோலார். 'இந்தியாவே முதலில்' என்று பெருமை பேசுவோர் இந்த நுணுக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். அதைச் சேர்த்துச் சொன்னாலும் சாதனை சிறுத்துவிடாது.

கோலார் ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. 1980-இல் 140 டன் இரும்பைக் கொண்ட கருவி ஒன்று அதே ஆழத்தில் நிறுவப்பட்டது. புரோட்டான் என்றேனும் சிதைவுறுமா என்பது அன்றைய இயற்பியலின் தலையாய கேள்வி. அதற்கென அமைக்கப்பட்ட பெரிய கருவிகளுள் உலகில் முந்தியது இது. சிதைவாக இருக்கலாம் எனச் சில பதிவுகளைக் கோலார் குழு அறிவித்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த பெரிய கருவிகள் அதை உறுதி செய்யவில்லை. புரோட்டான் சிதைவை இன்றுவரை எவரும் கண்டதில்லை.

பொன் தீர்ந்தபோது

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கத் தொழில் கோலாரில் 120 ஆண்டுகள் நடந்தது. சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பான்மையினரான தலித் மக்கள், 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை பாறையைக் குடைந்தனர். அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறை வெடிப்புகளும், கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோயும் அத்தொழிலின் பகுதியாகவே இருந்தன. இயற்பியலாளர்கள் கருவி வைத்த குகை இவர்கள் குடைந்தது. ஆய்வுக் கட்டுரைகளில் சுரங்க நிர்வாகத்திற்கு நன்றி தெரிவிப்பது மரபு. குடைந்தவர் பெயருக்கு அங்கு இடமில்லை.

ஆய்வகம் தனக்கென எதையும் கொண்டிருக்கவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. இறங்கும் கூண்டு, மின்சாரம், காற்றோட்டம், இடைவிடாத நீரிறைப்பு ஆகிய அனைத்தும் சுரங்க நிறுவனத்தினுடையவை. தங்கம் கட்டுப்படியாகும் வரை அறிவியலுக்கு அவை ஏறத்தாழ இலவசமாகக் கிடைத்தன. தாது குறைந்து ஆழமான மட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டபோது, அச்செலவை ஏற்க வேறொரு கணக்குத் தலைப்பு அரசிடம் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் நியூட்ரினோ ஆய்வுகள் முடிவுக்கு வந்தன. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனமே மூடப்பட்டது. நீரிறைப்பு நின்றது, சுரங்கங்கள் நிரம்பின.

அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்திலும் ஒரு தங்கச் சுரங்கம் உற்பத்தியை நிறுத்தியது. ஹோம்ஸ்டேக் எனப்படும் அச்சுரங்கத்தில்தான் ரேமண்ட் டேவிஸ் 1960-களிலிருந்து சூரிய நியூட்ரினோக்களை எண்ணினார். 2002-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அங்கும் 2003-இல் நீரிறைப்பு நிறுத்தப்பட்டது. அங்கும் நீர் ஏறியது. வேறுபாடு அடுத்து நடந்ததில் உள்ளது. 2006-இல் சுரங்கம் மாநில அரசிடம் நன்கொடையாக ஒப்படைக்கப்பட்டது. டி. டென்னி சான்ஃபோர்டு என்ற செல்வந்தர் 7 கோடி டாலர் வழங்கினார். நீர் வெளியேற்றப்பட்டது. இன்று அங்கு 1,478 மீட்டர் ஆழத்தில் கரும்பொருளைத் தேடும் கருவி இயங்குகிறது. 'டியூன்' என்ற மாபெரும் நியூட்ரினோ சோதனைக்கான குகைகளும் குடையப்பட்டுவிட்டன.

கோலார் அதைவிட ஆழமானது. பாறை வெடிப்பு மிகுந்த அந்த ஆழத்தில் பேரளவிலான குகை அமைப்பது கடினம் என்பது உண்மையே. தேனிக்குத் திட்டமிடப்பட்ட சுமார் 50,000 டன் காந்த இரும்புக் கருவியைக் குறுகிய செங்குத்துக் குழி வழியாக இறக்கவும் இயலாது. ஆயினும் கரும்பொருள் தேடல் போன்ற, பருமனைவிட ஆழத்தையே அதிகம் வேண்டும் சோதனைகளுக்கு ஒரு மட்டத்தையேனும் காத்திருக்கலாம். இன்று இந்தியாவில் இத்தகைய பணிக்கென உள்ளது, ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 2017-இல் திறக்கப்பட்ட 555 மீட்டர் ஆழ ஆய்வகம். கோலாரில் எட்டிய ஆழத்தில் அது நான்கில் ஒரு பங்கு.

தேனியில் நேர்ந்தது

கோலாருக்கு மாற்றாகப் புதிய இடம் தேடியபோது முதலில் நீலகிரியின் சிங்காரா தேர்வானது. முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய யானை வழித்தடம் என்பதால் 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அடுத்துத் தேர்வானது போடி மேற்கு மலை. நியூட்ரினோவே கதிர்வீச்சு ஆபத்து, அணுக்கழிவு கொட்டப்படும் என்றெல்லாம் பரவிய அச்சங்களுக்கு அறிவியல் அடிப்படை இல்லை. நொடிதோறும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் ஒவ்வொருவர் உடலையும் ஊடுருவிச் செல்கின்றன.

ஆனால் எதிர்ப்பு முழுவதையும் அறியாமை என ஒதுக்கியது ஆதரவாளர்களின் பிழை. 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதைக்காக வெடிவைத்துப் பெயர்க்கப்படும் பாறை, நிலத்தடி நீர், மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு ஆகியவை பற்றிய கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்கு விடை தர வேண்டிய சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை, அதற்கு உரிய அங்கீகாரம் பெறாத நிறுவனம் தயாரித்திருந்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருந்ததும் கணக்கில் கொள்ளப்படவில்லை. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது இக்காரணங்களால்தான். 2018-இல் மத்திய அரசு சிறப்பு நேர்வாகக் கருதி மீண்டும் அனுமதி வழங்கிய விதம் ஐயத்தைத் தணிக்கவில்லை. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, புலிகளின் வழித்தடத்தைக் காட்டி, இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

கோலாரில் இத்தகைய இசைவை எவரும் கேட்க நேரவில்லை. குகை முன்பே குடையப்பட்டிருந்தது. அடிவாரத்து ஊர்களிடம் பேச வேண்டும் என்ற பழக்கம் அந்த அறிவியல் மரபில் உருவாகாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

1998-இல் ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில் சூப்பர்-கமியோகாண்டே கருவி, நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுகின்றன என நிறுவியது. 2015-இல் தகாகி கஜிதாவுக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்த அக்கண்டுபிடிப்புக்குப் பயன்பட்டவை, 1965-இல் கோலாரில் பிடிபட்ட அதே வளிமண்டல நியூட்ரினோக்கள்.

கோலார் தங்க வயலில் இப்போது விவாதத்தில் இருப்பது வேறு. தாதுவைச் சயனைடு கொண்டு பிரித்தபின் கொட்டப்பட்ட கழிவுமண் 13 மேடுகளாக ஊரைச் சூழ்ந்துள்ளது. அவற்றில் எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதத்தில் இசைவளித்தது. சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள் பலர் மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். தேனிக்கென வடிவமைக்கப்பட்ட கருவியின் 85 டன் மாதிரி, மதுரையில் தரைமட்டத்தில் மியூவான்களைப் பதிவு செய்வதற்காக 2018-இல் அமைக்கப்பட்டது.